லா சப்பலின் அமெரிக்க அப்புக்காத்து

அற்புதராணி அமெரிக்காவுக்குப் போனதில்லை. சட்டம் படித்ததில்லை. ஆங்கிலம் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய ஒரு செபமும் பஸ்சில் எழுதியிருந்த இரண்டு அறிவித்தலும்தான் அவளுடைய முழுச் சொத்து. அப்படிப்பட்டவளை எண்பத்தெட்டாம் ஆண்டுக்குப் பிறகு பாரிசின் லா சப்பலில் ‘அமெரிக்க அப்புக்காத்து’ என்று சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும். அப்புக்காத்து என்றால் யாழ்ப்பாணத்தில் கோட்டிலே, அதாவது நீதிமன்றத்தில், வாதாடுகிறவர். வாய் ஓயாதவர்களுக்கும் ஊர் அந்தப் பட்டத்தைச் சோதனை எழுதாமலே கொடுத்துவிடும். அற்புதராணிக்கு அது வாய்க்காகப் பாதியும், மெய்யாகவே ஒரு வழக்குப் பேசியதற்காக மீதியும் கிடைத்தது.

ரூ பஜோல் தெருவில் உடுப்பு வெளுத்து மினுக்கிக் கொடுக்கிற ஒரு பிறெசிங்கில் அவளுக்கு வேலை. காலையில் தொடங்கினால் பொழுதுபடும்வரை ஆவி பறக்கிற இயந்திரத்துக்கு முன்னால் நின்று ஊரார் சேட்டுகளையும் காற்சட்டைகளையும் தேய்த்து மினுக்க வேண்டும். மினுக்குவதோடு விட்டால் அது அற்புதராணி இல்லை. கறையோடு ஓர் உடுப்பு வந்தால் கொண்டுவந்த ஆள் தப்ப முடியாது. “இது என்ன குழம்பு? எப்போது கொட்டியது? நீங்கள் கொட்டினீர்களா, வீட்டுக்காரி கொட்டினாளா?” என்று அரைகுறைப் பிரெஞ்சில் குறுக்கு விசாரணை நடக்கும். என்ன கறை என்று தெரிந்தால்தானே போக்கலாம் என்பது அவள் சொல்லும் நியாயம். முதலாளி இதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, “மதாமிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், கெதியாக வீட்டுக்குப் போகலாம்” என்று வாடிக்கையாளர்களுக்கே புத்தி சொல்ல ஆரம்பித்திருந்தார்.

வீட்டில் இந்த விசாரணைக்கு அகப்படுகிறவர் கணவர் மடுத்தீன். உணவகக் குசினியில் வேலை செய்கிற அமைதியான மனிதர். பேச்சில்தான் அமைதி. ஒரு முடிவு எடுத்தாரென்றால் மெத்ரோ ரயில் வந்து இடித்தாலும் அசையமாட்டார். வீட்டில் மூன்றாவது ஆள் அற்புதராணியின் தங்கை ஞானமலர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அக்காவே இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவளுக்குப் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அந்த ஞானமலருக்குத்தான் நியூயோர்க்கில் மாப்பிள்ளை பொருந்தியது. அருட்பிரகாசம் என்று பெயர். படிக்கப் போய், வேலை எடுத்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்ட மனிதர். இங்கிருந்து ஒரு படம் போனது, அங்கிருந்து ஒரு படம் வந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தவரத்தினத்தின் பலசரக்குக் கடைக்குப் போன் எடுத்துப் பெண்ணோடு கதைப்பார். தவரத்தினத்தின் கடைப் போன்தான் அன்றைக்கு லா சப்பலில் பாதிப் பேருடைய போன். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே காதையும் தீட்டிக்கொண்டு நிற்பார் மனிதர்.

கலியாணம் பாரிசில் என்று பேசியாயிற்று. கத்தோலிக்கருக்குக் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் சுவாமி, அதாவது பாதிரியார், அறிவித்தல் வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. இரண்டு வாசித்து முடிந்துவிட்டது. மூன்றாவதுக்கு முந்திய ஞாயிறுதான் மாப்பிள்ளை போனில் ஒரு மாதிரிக் கதைத்தார்.

“இந்தக் கிழமை எனக்குக் கோட்டு அலுவல் ஒண்டு கிடக்கு. அதைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது எண்டு நீதவான் சொல்லிப்போட்டார். ஆனபடியா நீங்களும் கேளாதேங்கோ, என்ன?”

ஞானமலர் கேட்கவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னாள். அற்புதராணி புதன்கிழமை வரை பொறுத்துக்கொண்டு இருந்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய தவம் என்று விளங்கும்.

வியாழன் மத்தியானம் தவரத்தினம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிறெசிங்குக்கு ஓடி வந்தார். “தங்கச்சி, உங்கடை மாப்பிள்ளை வீட்டிலை இருந்து போன். வைக்க வேண்டாம் எண்டிட்டு வந்தனான். கெதியா வாங்கோ!”

எடுத்தது லோறன்ஸ். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி, அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவன். அமெரிக்காவுக்குப் போய்க் கொஞ்சக் காலம்தான். விசா முடிந்து, ஆளைக் கண்டால் சுவரோடு ஒட்டுகிற நிலைமை.

“அக்கா, அண்ணையைக் கோட்டிலை வைச்சிட்டாங்கள்.”

“வைச்சிட்டாங்கள் எண்டா?”

“நேற்று வீட்டை வரேல்லை. சீருடை போட்ட ஒருத்தன் வந்தவன், இடுப்பிலை துவக்கு. அண்ணை இப்ப வரமாட்டாராம், ஆரோடையும் கதைக்கேலாதாம், வாசல்லை காவலாம். மாத்துடுப்புத் தா எண்டான். குடுத்து விட்டனான்.”

“ஏன் எதுக்கெண்டு கேக்கேல்லையோடா?”

“என்ரை விசா கிடக்கிற கிடையிலை நான் கேள்வி கேக்கிறதோ? அவன் என்னவோ நெடுக விளங்கப்படுத்தினவன் அக்கா. நான் துவக்கை மட்டுந்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

ஊரில் சீருடைக்காரன் வாசலுக்கு வந்து, ஆள் வரமாட்டான், ஒருத்தரும் பார்க்கவும் முடியாது என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. அந்தக் கடைக்குள் நின்ற எல்லாருக்கும் அந்த அர்த்தம் தெரியும். சிலருக்கு வீட்டுக்குள்ளேயே நடந்தும் இருக்கிறது. அற்புதராணி அரிசி மூட்டையில் அப்படியே குந்திவிட்டாள். அரிசி வாங்க வந்த சனம் அரிசியை மறந்து அவளைச் சுற்றி நின்றது.

பிறகு கதை தன்பாட்டில் நடக்கத் தொடங்கியது. லா சப்பலில் ரயில் ஏறும்போது ‘கோட்டிலை வைச்சிருக்கினம்’ என்று இருந்த கதை, பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்-சூர்-செய்னில் இறங்கும்போது வங்கிக் கொள்ளையாகியிருந்தது. அங்கே இருக்கிற மடுத்தீனின் தமக்கை மேரிறோஸ் அதற்கு ஒரு துப்பாக்கியும் ஒரு வெள்ளைக்காரக் கூட்டாளியும் சேர்த்துத் தம்பிக்கே திருப்பி அனுப்பிவைத்தாள்.

மடுத்தீன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை. “எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் கோட்டுப்படி மிதிச்சதில்லை,” என்றார்.

“உங்கடை அப்பு ஒரு பனைமரத்துக்காக மல்லாகம் கோட்டிலை பாய் விரிக்காத குறை,” என்றாள் அற்புதராணி.

“அது காணி வழக்கு. இது கிரிமினல்.”

“பாத்தீங்களே, கோட்டிலை ரெண்டு வகை இருக்கெண்டு உங்களுக்கே தெரியுது. இது எந்த வகை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

மடுத்தீன் இதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. “ஞாயிற்றுக்கிழமை சுவாமி வாசிக்கேக்கை நான் எழும்பித் தடை இருக்கெண்டு சொல்லப்போறன். தாய் தேப்பன் இல்லாத பிள்ளை, ராணி. நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது? நான்தான்.”

அதில்தான் அற்புதராணியின் வாதம் முட்டுப்பட்டது. மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டை பிடித்து வென்றுவிடலாம். அவர் அந்தப் பிள்ளையில் உள்ள பாசத்தில் சொல்கிறார். ஆனால் கோவிலில் எழும்பிச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. நின்ற கலியாணம் நின்றதுதான். மறியல்காரனுக்கு, அதாவது சிறைக்குப் போனவனுக்கு, பேசி நின்றவள் என்ற பெயர் ஞானமலருக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஞானமலரோ கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றாள். “நீ என்னடி சொல்லுறாய்?” என்று கேட்டதற்கு ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. வெட்டிய லீக்ஸை இன்னும் சின்னதாக வெட்டினாள்.

ஞாயிற்றுக்குள் அமெரிக்கச் சட்டத்தைப் படித்து முடிப்பதென்று அற்புதராணி அன்றைக்குத் தீர்மானித்தாள். ஆட்கள் வருடக்கணக்காகப் படிக்கிறார்களாம். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

முதல் ஆசிரியர் தவரத்தினம். வீடியோ கசட்டில் அமெரிக்கப் படங்கள் நிறையப் பார்த்தவர். “அங்கை பொலிஸ்காரன் பிடிக்கேக்கையே, ‘நீ வாய் திறக்கத் தேவையில்லை, அது உன்ரை உரிமை’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் பிடிப்பானாம் தங்கச்சி.”

“பிடிக்க வந்தவனே கதைக்காதை எண்டு சொல்லுவானோ? பேந்தென்னத்துக்கு அண்ணை பிடிக்கிறான்?”

“அது எனக்கும் விளங்கேல்லை,” என்று தவரத்தினம் ஒத்துக்கொண்டு, ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது ஆசிரியர் வெள்ளிக்கிழமை தானாகவே பிறெசிங்குக்குள் வந்தார். பென் என்கிற அமெரிக்கர். ஆளைவிடப் பெரிய தந்தி வாத்தியம் ஒன்றை இசைக்குழுவில் வாசிக்கிறவர். கறுப்புக் கோட்டு மினுக்க வெள்ளிக்கு வெள்ளி வருவார். அவருடைய பிரெஞ்சையும் அற்புதராணியின் பிரெஞ்சையும் கூட்டினாலும் ஒரு முழுப் பிரெஞ்சு தேறாது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அமெரிக்க நீதித்துறைக்குள் இறங்கினார்கள்.

“உங்கள் நாட்டில் கோட்டில் என்ன நடக்கும்? முதலில் இருந்து சொல்லுங்கள்,” என்றாள் அவள். அவருடைய கறுப்புக் கோட்டைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

பென் சுற்றிப் பார்த்தார். சொல்லிப் புரியவைக்கச் சொல் போதாது என்று கண்டு, தொங்கிக்கொண்டிருந்த உடுப்புகளை இழுத்து ஒரு நீதிமன்றமே கட்டத் தொடங்கிவிட்டார். முதலாளியின் நீளக் கறுப்பு மழைக்கோட்டு நீதவான். ஒரு சிவப்புக் காற்சட்டை எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஆள். அரசாங்கத்துக்காக வழக்குப் பேசுகிறவருக்கு அற்புதராணியின் மினுக்கிப்பெட்டி. பன்னிரண்டு வெள்ளைச் சேட்டுகளைக் கம்பியில் வரிசையாக மாட்டினார்.

“இவர்கள் ஜூரி. சாதாரண சனம். கடைக்காரர், வாத்தியார், பஸ் ஓட்டுகிறவர். தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, கோடு குடிமக்களைக் கூப்பிடும். வரத்தான் வேண்டும்.”

“ஊரிலும் ஜூரி இருந்தது. ஏழு பேர். சரி, அந்தச் சிவப்புக் காற்சட்டை தான் செய்யவில்லை என்று எப்படி நிரூபிக்கும்?”

“அது ஒன்றையும் நிரூபிக்கத் தேவையில்லை. மினுக்கிப்பெட்டிதான் நிரூபிக்க வேண்டும்.”

அற்புதராணி வாய் பிளந்தாள். பாரிசுக்கு வந்த நாளிலிருந்து அவள் நிரூபித்துக்கொண்டே இருக்கிறாள். பிறந்ததை, கலியாணம் கட்டியதை, ஊரில் பயம் இருந்ததை, அந்தப் பயம் பொய்யில்லை என்பதை. அகதி வழக்கில் அவளிடம் எல்லாவற்றுக்கும் தாள் கேட்டார்கள். “அப்படியென்றால் சும்மா இருந்தாலே போதுமா?”

“போதும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் மினுக்கிப்பெட்டி காட்டாவிட்டால் காற்சட்டை வீட்டுக்குப் போகும். பன்னிரண்டு சேட்டும் ஒரே முடிவு சொல்லவும் வேண்டும். ஒன்று மாட்டேன் என்றாலும் தண்டனை இல்லை.”

“பிறகு?”

“பிறகு திரும்பத் திரும்பப் பேசுவார்கள். முடியும்வரை வீட்டுக்கு விடமாட்டார்கள். ஹோட்டலில் வைப்பார்கள். பேப்பர் படிக்க முடியாது, போன் கதைக்க முடியாது. வாசலில் துவக்கோடு காவல்.”

“யாரை? சிவப்புக் காற்சட்டையையா?”

“இல்லை, இல்லை. சேட்டுகளை! நியூயோர்க்கில் பெரிய வழக்கென்றால் எப்போதும் அப்படித்தான். என் மாமியை அப்படி வைத்திருந்தார்கள். இறைச்சி நல்லதாம், கட்டில்தான் முதுகைக் கொன்றுவிட்டதாம்.”

“அந்த நேரம் குற்றம் சாட்டப்பட்டவன் எங்கே இருப்பான்?”

“பிணை கட்டியிருந்தால் பகலில் கோட்டில், இரவு தன் வீட்டுக் கட்டிலில்.”

அற்புதராணிக்குத் தலை சுற்றியது. எதிரி தன் கட்டிலில் நித்திரை. நீதி சொல்ல வந்தவன் காவலுக்குள். இப்படி ஒரு நாட்டை ஆண்டவர் எந்த மனநிலையில் படைத்தார் என்று அவள் யோசிப்பதற்குள், மனத்தில் ஒன்று சட்டென்று பற்றிக்கொண்டது. லோறன்ஸ் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. வரமாட்டார். கதைக்க முடியாது. வாசலில் காவல்.

“பிடிபட்டவனைப் போன் கதைக்க விடுவார்களா?”

“விடத்தானே வேண்டும். வீட்டுக்கோ சட்டத்தரணிக்கோ எடுப்பான்.”

“மறியலில் என்ன உடுப்புப் போட விடுவார்கள்?”

“சப்பாத்துக் கயிற்றையே கழற்றி வாங்கிவிடுவார்கள் மதாம். எனக்குத் தெரியும்.”

எப்படித் தெரியும் என்று அற்புதராணி கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட கேள்வி என்று சொல்ல அந்த ஒன்றுதான் இருக்கிறது. கோட்டுக்கே போன் எடுத்து விசாரிக்கலாமா என்று மட்டும் கேட்டாள். ஜூரியில் யார் இருக்கிறார் என்று அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள் என்றார் பென். கறுப்புக் கோட்டை இரண்டு தடவை மினுக்கி, பொத்தான் ஒன்று தொங்கியதையும் தைத்துக் கொடுத்து அவரை அனுப்பினாள். முதலாளி வந்து, தன் மழைக்கோட்டு ஏன் கதிரையில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். “அவர் நீதவான்,” என்றாள். முதலாளி மேற்கொண்டு கேட்கவில்லை.

மெத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு போன் கூண்டு பழுதாகி, எந்த நாட்டுக்கு எடுத்தாலும் அட்டையில் ஒன்றும் குறையாமல் இருந்த காலம் அது. செய்தி பரவி லா சப்பல் முழுவதும் அதற்கு முன்னால் வரிசையில் நின்றது. அற்புதராணி வரிசையைக் கண்டாள், கூந்தலை அள்ளி முடிந்தாள். “வழி விடுங்கோ, ஒரு கலியாணம் நிக்கப் போகுது!” என்று ஒரு கத்துக் கத்தினாள். சனம் செத்தவீடு என்றால்கூட அவ்வளவு கெதியாக விலகியிருக்காது.

“லோறன்ஸ், யோசிச்சுச் சொல்லு. அந்தச் சீருடைக்காரனிட்டை என்னென்ன உடுப்புக் குடுத்தனி?”

“வெள்ளைச் சேட்டு ரெண்டு, நல்ல காற்சட்டை ஒண்டு...”

“கழுத்திலை கட்டுற ரை குடுத்தனியோ?”

“ஓம், நீலத்திலை ஒண்டு. பேந்து றேசர்.”

“என்ன? றேசரோ? ஆர் கேட்டது?”

“அவன்தான் கேட்டவன் அக்கா. சவரம் எடுக்கிற மாதிரிக் கன்னத்திலை தடவிக் காட்டினவன்.”

அற்புதராணி கூண்டுக்குள் ஒரு துள்ளுத் துள்ளி வீரிட்டாள். வெளியே நின்ற அந்தோணியம்மாள் என்கிற மனுசி, யாரோ செத்துத்தான் போய்விட்டார்கள் என்று, சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்து இவளைக் கட்டிப்பிடித்தாள். “அழாதை பிள்ளை, எல்லாம் ஆண்டவர் சித்தம்!” அற்புதராணி அவளையும் இழுத்துக்கொண்டு துள்ளினாள். “அக்கா, மறியலிலை றேசர் குடுக்கமாட்டினம்! குடுக்கமாட்டினம்!” அந்தோணியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சந்தோசமான விசயம் என்று தெரிந்துகொண்டு சேர்ந்து சிரித்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் கோடு கூடியது. மடுத்தீன், பியர்ஃபித்திலிருந்து புறப்பட்டு வந்த மேரிறோஸ், கடையைப் பூட்டிவிட்டு வந்த தவரத்தினம், மூலையில் ஞானமலர். அற்புதராணி மேசைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினாள்.

“வழக்கு என்னெண்டா, மாப்பிள்ளை எதிரியோ, ஜூரியோ. ஆர் என்ன சொல்லப்போறியள்?”

மேரிறோஸ் கையைத் தூக்கினாள். “வங்கிக்குள்ளை பூந்தவராம்.”

“நீங்கள் கண்டனீங்களோ மச்சாள்?”

“நான் எப்பிடிக் காணுறது? சனம் கதைக்குது.”

“கேள்விப்பட்டது சாட்சியில்லை. தள்ளுபடி.”

“என்னடி, நாலு கோச்சு மாறி வந்த என்னைத் தள்ளுபடி எண்டுறாய்?”

“உங்களை இல்லை மச்சாள், கதையைத்தான். நீங்கள் ரோல்ஸ் சாப்பிடுங்கோ.”

பிறகு அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிடிபட்டவனுக்குப் போன் உண்டு, ஜூரிக்கு இல்லை. பிடிபட்டவனுக்கு ரை இல்லை, ஜூரிக்கு உண்டு. மறியலில் றேசர் கொடுக்கிற கோடு உலகத்தில் எங்கும் கிடையாது. பேச்சோடு பேச்சாக, “நீ என்ன சொல்லுறாய்?” என்று மேரிறோஸ் ஞானமலரைக் குடைந்தபோது, “அவள் கதைக்கத் தேவையில்லை, அது அவளின்ரை உரிமை,” என்று குறுக்கே விழுந்து தடுத்தாள். தவரத்தினம் பெருமையோடு தலையாட்டினார். அந்தச் சட்டம் அவர் கொடுத்தது.

தவரத்தினம்தான் முதலில் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தார். இரண்டாவது ரோல்ஸோடு மேரிறோஸும் வந்துவிட்டாள். மடுத்தீன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

“அவன்ரை வாயாலை கேட்டால் ஒழிய நான் நம்பமாட்டன்.”

“ஒருத்தர் ஒத்துக்கொள்ளாட்டி அமெரிக்காவிலை எல்லாரையும் உள்ளுக்கை வைச்சுப் பூட்டிப்போடுவினம், தெரியுமோ?” என்றாள் அற்புதராணி.

தவரத்தினம் உடனே எழும்பிச் சால்வையைத் தேடினார். “எனக்குக் கடை திறக்க வேணும் தங்கச்சி,” என்று படியிறங்கிவிட்டார். கோடு அத்தோடு கலைந்தது. மடுத்தீன் அசையவில்லை. அற்புதராணி அன்றைக்குப் படுக்கப் போகும்போது, தான் வெல்லவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவளுடைய வாய்க்கு அது புதுசு. அழுகை வந்தது.

ஞாயிறு பூசையில் அவளுக்கு ஒரு செபமும் ஓடவில்லை. பிரசங்கம் முடிந்து சுவாமி தாளை எடுத்தார். மூன்றாவது அறிவித்தல். அருட்பிரகாசம் பெயரும் ஞானமலர் பெயரும் மைக்கில் கேட்டன. தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று சுவாமி வாசித்து நிறுத்தியதும், பக்கத்து வாங்குப் பலகை கிரீச்சிட்டது. மடுத்தீன் எழும்பினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

கோவில் முழுக்கத் திரும்பியது. ஞானமலர் தலையைக் குனியவில்லை, அத்தானையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அற்புதராணி கண்ணை மூடி, தெரிந்த எல்லா மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

“என்ன, மடுத்தீன்?” என்றார் சுவாமி.

மடுத்தீன் வாயைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார்.

“ஒண்டுமில்லை சுவாமி. கால் விறைச்சுப் போச்சு.”

“அப்ப நில்லுங்கோ,” என்று சுவாமி அடுத்ததை வாசித்தார். மனிதர் பூசை முடியுமட்டும் நின்றார். உட்கார்ந்தால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

வெளியே வந்ததும் அற்புதராணி அவரைச் சுவரோடு மறித்தாள். “ஏனப்பா சொல்லேல்லை?”

“எழும்பினாப் பிறகுதான் யோசிச்சன். நான் என்னத்தைக் கண்டனான்? கண்ணாலை ஒண்டும் காணேல்லையே. கோவிலுக்குள்ளை எப்பிடிச் சொல்லுறது?” என்று மடுத்தீன் நிலத்தைப் பார்த்தார். அற்புதராணி நடுத்தெருவில், சனம் பார்க்கப் பார்க்க, அவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். இந்த மனிதனை அவளுக்கு அன்றைக்குப் போல என்றைக்கும் பிடித்ததில்லை.

மத்தியானம் கடையில் போன் அடித்தபோது கடை நிறையச் சனம். ஞாயிற்றுக்கிழமை, அதோடு எல்லாருக்கும் விசயம் தெரியும். வாங்கிய சாமானை வைத்துக்கொண்டு போகாமல் நின்றார்கள். ஞானமலர் எடுத்தாள். அந்தப் பழைய பிரெஞ்சுப் போன்களில் பின்பக்கம் இன்னொரு கேள்குழல் கொளுவியிருக்கும், இரண்டாவது ஆள் ஒட்டிக் கேட்க. அதைக் கழற்றிக் காதில் வைக்க அற்புதராணியிடம் ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“நான் மறியலிலை எண்டு லோறன்ஸ் உங்களுக்குச் சொன்னவனாம்,” என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. சிரிப்பும் வெட்கமுமாக. “ஜூரிக்குக் கூப்பிட்டவங்கள். அதைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாதெண்டது கட்டளை. நான் அதை அப்பிடியே பிடிச்சிட்டன். இவ்வளவு வரும் எண்டு தெரியாது. நேற்றுத்தான் முடிஞ்சு விட்டவங்கள்.”

“ஜூரி!” என்று அற்புதராணி கடையைப் பார்த்துக் கத்தினாள். தவரத்தினம் தராசில் தட்டினார். மேரிறோஸ், தான் அப்போதே சொன்னதாகப் பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏன் இத்தனை நாள் பிடிச்சது?” என்று ஞானமலர் கேட்டாள்.

“பதினொரு பேர் முதல் நாளே, பெடியன்தான் செய்தவன் எண்டு கை தூக்கிப்போட்டினம். ஒருத்தன் மாட்டன் எண்டு நிண்டவன். அவனாலைதான் எல்லாரும் மறிபட்டது.”

“ஆரந்தக் குரங்கு?” என்று அற்புதராணி குறுக்கே பாய்ந்தாள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “நான்தான் அக்கா.”

அவள் அதையும் கடைக்கு அஞ்சல் செய்தாள். கடை வெடித்துச் சிரித்தது. மடுத்தீனும் சிரித்தார். பிடிவாதக்காரனுக்குப் பிடிவாதக்காரனைப் பிடித்துவிட்டது என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. ஞானமலர் மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தப் பெடியன் அதைச் செய்தவனோ?” என்று கேட்டாள்.

“தெரியாது.”

“தெரியாமலோ தனிய நிண்டனீங்கள்?”

“தெரியாதபடியாத்தான் நிண்டனான். நிச்சயமாத் தெரியாமல் ஒருத்தன்ரை வாழ்க்கையை எப்பிடி முடிக்கிறது? கடைசியிலை மற்றவையும் வந்திட்டினம். பெடியன் தாயோடை வீட்டை போட்டான்.”

ஞானமலர் கேள்குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா பக்கம் திரும்பாமலே பேசத் தொடங்கினாள்.

“இஞ்சையும் உங்களுக்கு வழக்கு நடந்தது. வியாழக்கிழமை தொடக்கம் இந்த லா சப்பல் முழுக்க உங்களைக் கள்ளன் எண்டது. நான் உங்களை நேரிலை கண்டதில்லை. நீங்கள் என்ன மாதிரி ஆள் எண்டு எனக்கும் தெரியாது. எல்லாரும் மாறி மாறி என்னைக் கேட்டவை. நான் உங்களைப் பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

கேள்குழலில் அந்த மனிதர் மூச்சை இழுத்து விடுவது அற்புதராணிக்குக் கேட்டது. நியூயோர்க்கில் பதினொரு பேரை அசைத்தவர் ஒரு சொல்லும் வராமல் நின்றார்.

இதற்கு மேல் கேட்பது களவு என்று அற்புதராணிக்குப் பட்டது. தன் கேள்குழலைக் கொளுக்கியில் மாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அரிசி வாங்க வந்தா அரிசியை வாங்கிக்கொண்டு போங்கோ. அதுகள் கதைக்கட்டும்.”